சொறிநாய் என்றொரு சாதி இல்லை

நம் பேச்சு வழக்கில் ஒருவரை மிகவும் இழித்துரைக்க எண்ணுவோர் கையாளும் சொற்களுள் 'சொறிநாய்' என்பது ஒன்று. மயிர் உதிர்ந்து, தோல் தடித்துக் கறுத்து, நின்ற இடத்திலெல்லாம் காலைத் தூக்கிச் சொறிந்துகொண்டு திரியும் நாயை ஊரில் எவரும் விரும்புவதில்லை. திண்ணையில் ஏறினால் கல்லெறி. தேநீர்க் கடை வாசலில் நின்றால் வெந்நீர். அந்த நாய் சில திங்களுக்கு முன்னர் ஒரு வீட்டின் காவலாகவும் அவ்வீட்டுக் குழந்தைகளின் தோழனாகவும் இருந்திருக்கக் கூடும். நோய் கண்டவுடன் அது தெருவுக்கு வந்தது. தெருவுக்கு வந்த பின் அதன் பெயரும் மாறியது.

சொறி என்பது நாயின் சாதியன்று. சொறி என்பது ஒரு தனி நோயின் பெயருங்கூட அன்று. காய்ச்சலைப் போல அதுவும் ஓர் அறிகுறியே. அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி இருக்கலாம், தெள்ளுப்பூச்சி இருக்கலாம், பூஞ்சை இருக்கலாம், உண்ணும் உணவோ வீட்டுத் தூசியோ உடம்புக்கு ஒவ்வாமற் போயிருக்கலாம். காரணம் வேறுபட்டால் மருந்தும் வேறுபடும். காரணத்தைக் கண்டறிந்தால் பெரும்பாலானவற்றைக் குணப்படுத்தலாம். எஞ்சியவற்றைக் கட்டுக்குள் வைக்கலாம். இந்தக் காரணத்தைத் தேடுவதையே தம் தொழிலாகவும் ஆராய்ச்சியாகவும் கொண்ட கால்நடைத் தோல் மருத்துவ வல்லுநர்களின் பணியை நம் உறுப்பினர்கள் அறிந்துகொள்வது நலம் பயக்கும். நெசவாளர் வீட்டிலும் விவசாயி தோட்டத்திலும் நாய் உண்டு, பூனை உண்டு, பசு உண்டு, ஆடு உண்டு. அவற்றின் தோலில் உண்டாகும் கேடு அவற்றோடு நில்லாமல் நம் குழந்தைகளின் உடம்புக்கும், சங்கத்தின் பால் கணக்குக்கும் வந்து சேர்கிறது.

தோலும் நம் வட்டாரமும்

தோல் நோயைப் பற்றிய கவலை தென்காசி வட்டாரத்துக்குப் புதியதன்று. சங்கரன்கோவில் சங்கரநாராயண சுவாமி கோயிலின் புற்றுமண்ணைத் தோல் பிணிக்கு மருந்தெனக் கருதிப் பூசிக்கொள்வோர் இன்றும் பலர். குற்றால அருவி மூலிகைச் செடிகளின் ஊடே பாய்ந்து வருவதால் அதில் நீராடினால் உடற்பிணி நீங்கும் என்று நெடுந்தொலைவிலிருந்து மக்கள் வருகின்றனர். நம்பிக்கை அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. அதில் தலையிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், தனக்கு எங்கே எப்படி அரிக்கிறது என்று சொல்ல வாயில்லாத உயிருக்கு, பார்த்தறிந்து சொல்லும் ஒரு கண் வேண்டும் அல்லவா? அந்தக் கண் இன்று நமக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டு தொடங்கப் பெற்றது. 1936-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டுப் பட்டப் படிப்பை அளிக்கலாயிற்று. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தோன்றியபோது இக்கல்லூரியும் அதன் கீழ் வந்தது. அதன் மருத்துவமனையில் நாய், பூனை முதலிய சிறு பிராணிகளின் தோல் நோய்களுக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. அங்கே காலையில் நோயாளி பிராணியைப் பார்க்கும் ஆசிரியரே மாணவர்க்குப் பாடம் சொல்பவர். அன்று எடுத்த மாதிரிகளைக் கொண்டு ஆராய்ச்சி செய்பவரும் அவரே. மருத்துவம், கற்பித்தல், ஆராய்ச்சி ஆகிய மூன்றும் ஒரே மேசையில் நடைபெறுகின்றன. 2012-ஆம் ஆண்டில் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியிலும் இப்பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று ஏற்பட்டது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னரும், நமக்கு அண்மையிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி இதுவே.

உலக அளவில் பார்த்தாலும் இத்துறை மிகப் பழையதன்று. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்கா சென்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிராங்க் கிரால் என்பார், நோவக் என்பாருடன் சேர்ந்து 1953-இல் கால்நடைத் தோல் மருத்துவத்திற்கென ஒரு நூலை வெளியிட்டார். 1969-இல் முல்லர், கிர்க் என்னும் இருவர் சிறு பிராணிகளின் தோல் நோய் பற்றி எழுதிய நூல் வெளிவந்தது. திருத்தம் பெற்ற பதிப்புகளாக இன்றும் மாணவர் கையில் அது இருக்கிறது. இத்துறையினரின் முதல் உலக மாநாடு 1989-இல் பிரான்சு நாட்டின் திஜோன் நகரில் கூடியது.

தோல் என்பது யாது?

தோலை உடம்பின் உறை என்று எண்ணுவது முழுமையான எண்ணம் ஆகாது. அதுவே உடம்பின் மிகப் பெரிய உறுப்பு. பிறந்த நாய்க்குட்டியின் எடையில் ஏறத்தாழ 24 விழுக்காடும், வளர்ந்த நாயின் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காடும் தோலும் மயிருமேயாம். நம் தோலுக்கும் நாயின் தோலுக்கும் வேற்றுமை பல. நாயின் மேற்றோல் நம் மேற்றோலைவிட மெல்லியது. மயிரே அதற்குப் போர்வை. நமக்கு உடம்பெங்கும் வியர்ப்பது போல நாய்க்கு வியர்ப்பதில்லை. உள்ளங்கால் மெத்தைகளில்தான் சிறிது வியர்வை கசியும். நம் தோல் சற்றே புளிப்புத் தன்மை உடையது; நாயின் தோலோ நடுநிலையை ஒட்டியது. ஆதலின் நாம் தேய்த்துக் குளிக்கும் சோப்பைக் கொண்டு நாயை அடிக்கடி குளிப்பாட்டினால் அதன் தோல் வறண்டு, நோய்க்கு வழி திறக்கும். துணி துவைக்கும் சோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

மருத்துவர் எவ்வாறு தேடுகிறார்?

நெய்த துணியில் ஓரிடத்தில் பழுது கண்டால் நெசவாளர் துணியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அச்சில் பிழையா, விழுதில் பிழையா, பாவின் இழுப்பில் பிழையா, நூலிலேயே பிழையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிப்பார். எலுமிச்சை இலை மஞ்சளித்தால் புளியங்குடி விவசாயி உடனே உரத்தைக் கொட்டுவதில்லை. நீர் தேங்கிற்றா, வேர் அழுகிற்றா, சத்துக் குறைவா என்று ஆராய்வார். தோல் மருத்துவர் செய்வதும் இதுவே.

முதலில் கேள்விகள். நோய் எந்த வயதில் தொடங்கியது? அரிப்பு முதலில் வந்ததா, மயிர் முதலில் உதிர்ந்ததா? ஆண்டு முழுதும் உண்டா, மழைக்காலத்தில் மட்டுமா? வீட்டில் வேறு பிராணிக்கு உண்டா? வீட்டாருள் எவர்க்கேனும் அரிப்பு உண்டா? இதுவரை என்ன பூசினீர்கள்? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே பாதி வழியைக் காட்டிவிடும். பின்னர் இடம் பார்த்தல். காது மடலின் ஓரமும் முழங்கை மூட்டும் தடித்திருந்தால் ஒரு வகை ஐயம்; இடுப்பின் பின்புறமும் வாலடியும் மயிரிழந்திருந்தால் வேறு வகை ஐயம்; பாதங்களை ஓயாமல் நக்கினால் மற்றொரு வகை ஐயம்.

அடுத்து வருவது சோதனை. மழுங்கிய கத்தி அலகில் சிறிது பாரஃபின் எண்ணெய் தடவி, இரத்தம் இலேசாகக் கசியும் வரை தோலைச் சுரண்டி, அந்தச் சுரண்டலை நுண்ணோக்கியின் கீழ் வைப்பர். பசைத்தாளைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயமேற்றினால் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் புலனாகும். இருட்டறையில் உட் விளக்கு எனப்படும் ஊதாக் கதிர் விளக்கைக் காட்டினால் சில வகைப் படர்தாமரைப் பூஞ்சை பற்றிய மயிர்கள் பச்சையாக ஒளிரும். ஒளிராவிட்டால் பூஞ்சை இல்லை என்று முடிவு கட்ட இயலாது. மயிரை எடுத்து ஊடகத்தில் வளர்த்து இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இச்சோதனைகளுள் பெரும்பாலானவற்றுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு நுண்ணோக்கியும், சில கண்ணாடித் தகடுகளும், அவற்றைப் பார்க்கப் பழகிய கண்ணும் போதும்.

இரண்டு சிற்றுண்ணிகள்

சுரண்டலில் கிடைக்கும் சிற்றுண்ணிகள் முக்கியமாக இரு வகை. இவ்விரண்டின் வேற்றுமையை அறிந்தாலே பல வீடுகளின் அச்சம் தீரும்.

ஒன்று சார்காப்டிஸ். உருண்டை வடிவினது. பெண் உண்ணி தோலைத் துளைத்துச் சுரங்கம் அமைத்து முட்டையிடும். முட்டை வளர்ந்து மீண்டும் முட்டையிடும் நிலை அடைய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். இது கடுமையான அரிப்பைத் தரும். ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு விரைவில் தொற்றும். நாயைத் தூக்கி வைத்திருக்கும் குழந்தையின் கையிலும் வயிற்றிலும் அரிப்புக் கொப்புளங்களை உண்டாக்கும். ஆயினும் நாயின் இவ்வுண்ணி மனிதத் தோலில் தன் வாழ்க்கையை முழுமையாக நடத்த இயலாது. நாய்க்குச் சரியான மருத்துவம் செய்தால் குழந்தையின் அரிப்பும் தணிந்துவிடும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. பலமுறை சுரண்டியும் இவ்வுண்ணி கண்ணில் படாமல் தப்பிவிடுவது வழக்கம். ஆகவே அறிகுறிகளைக் கொண்டே மருத்துவத்தைத் தொடங்கிப் பலனைப் பார்க்கும் முறையை வல்லுநர்கள் கையாள்கின்றனர்.

மற்றொன்று டெமோடெக்ஸ். சுருட்டு வடிவினது. மயிர்க்காலின் உள்ளே குடியிருப்பது. பிறந்த சில நாட்களில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. நலமுள்ள நாயின் தோலிலும் சிறிதளவு இருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி குன்றினால் மட்டுமே இது பெருகி நோயாகும். இது மனிதருக்குத் தொற்றாது. வளர்ந்த பிற நாய்களுக்கும் தொற்றுவதில்லை. இளங்குட்டிகளின் முகத்திலோ காலிலோ ஓரிரு இடத்தில் மட்டும் மயிர் உதிர்ந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். உடம்பெங்கும் பரவினால் நெடுநாள் மருத்துவம் வேண்டும். அவ்வாறு பரவிய நாயை இனப்பெருக்கத்திற்கு விடலாகாது. இராசபாளையம், சிப்பிப்பாறை முதலிய நம் பக்கத்து நாயினங்களை வளர்த்துக் குட்டி விற்போர் இந்த ஒரு விதியை மறவாமல் கடைப்பிடித்தால் இனமும் தூய்மை பெறும், வாங்குவோரும் ஏமாற மாட்டார்.

ஒரு காலத்தில் இந்நோய்க்குப் பல திங்கள் மருந்து கொடுத்தும் குணமாகாத நாய்கள் மிகப் பல. ஒமுரா என்னும் சப்பானிய அறிஞர் தம் நாட்டு மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து, கேம்பெல் என்பாரின் ஆராய்ச்சியின் துணையோடு ஐவர்மெக்டின் என்ற மருந்து பிறந்தது. இதற்காக இருவரும் 2015-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அம்மருந்து கால்நடைகளுக்கும் மக்களுக்கும் செய்த நன்மை பெரிது. ஆனால் காலி முதலிய சில நாயினங்களுக்கு அதே மருந்து மூளையைத் தாக்கி உயிரைப் பறித்தது. மருந்தை மூளைக்குள் புகாமல் தடுக்கும் மரபணு ஒன்று அந்நாய்களில் பழுதுற்றிருப்பதே காரணம் என்பது 2001-இல் கண்டறியப்பட்டது. பசுவுக்கு வாங்கிய ஊசி மருந்தில் மீந்ததை அளவறியாமல் நாய்க்குப் போடுவோர் இச்செய்தியை மனத்தில் பதித்துக்கொள்வாராக. அண்மைப் பத்தாண்டில் ஐசாக்ஸசோலின் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த மாத்திரைகள் வந்துள்ளன. உண்ணி, தெள்ளு, சிற்றுண்ணி ஆகிய மூன்றையும் அவை ஒருங்கே அடக்குகின்றன. வலிப்பு நோய் உள்ள நாய்க்கு இவற்றைக் கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

தறிக்குழியும் தெள்ளுப்பூச்சியும்

நெசவாளர் இல்லங்களுக்கென ஒரு செய்தி. குழித்தறி உள்ள வீட்டில், கோடை நாளில் நாய் சென்று படுக்கும் இடம் தறிக்குழி. அங்கே குளிர்ச்சி உண்டு, இருட்டு உண்டு, பஞ்சுத் தூசியும் உண்டு. தெள்ளுப்பூச்சிக்கும் வேண்டியவை இவையே.

நாயின் மேல் நாம் காணும் தெள்ளு முழுப் படையன்று. ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டத்தில் வளர்ந்த பூச்சிகள் ஏறத்தாழ 5 விழுக்காடே என்றும், எஞ்சிய 95 விழுக்காடு முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையிலும் படுக்கையிலும் இடுக்குகளிலும் இருக்கின்றன என்றும் வல்லுநர் கணக்கிடுவர். புழு வெளிச்சத்தை வெறுத்து இருட்டை நாடும். கூட்டுப்புழுவோ கூட்டினுள் பல வாரம் காத்துக்கிடக்கும். அதிர்வும் வெம்மையும் மூச்சுக் காற்றும் பட்டவுடன் வெளிப்படும். காலையில் நெசவாளர் மிதியில் கால் வைத்ததும் கணுக்காலில் கடி விழுவதன் காரணம் இப்போது விளங்கும்.

ஆதலின் நாய்க்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. வீட்டிலுள்ள நாய், பூனை அனைத்துக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தல், அவை படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்தல், தறிக்குழியிலும் மூலைகளிலும் சேரும் பஞ்சையும் தூசியையும் அடிக்கடி கூட்டியெடுத்து அப்புறப்படுத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, இரண்டு மூன்று திங்கள் விடாமல் நடைபெற வேண்டும். சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாமல் போகும். அவற்றுக்கு ஒரு சில கடிகளே போதும். வாலடி முழுதும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

சாரல் காலத்து நோய்கள்

ஆனி, ஆடித் திங்களில் குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை வரை காற்றிலே ஈரம் நிறைந்திருக்கும். மனிதர்க்கு அது இன்பம். மயிர் அடர்ந்த நாய்க்கும் காது தொங்கும் நாய்க்கும் அது சோதனை. உலராத தோலின் மடிப்பிலும் காதின் உள்ளேயும் மலாசீசியா என்னும் ஈஸ்ட் பெருகும். புளித்த நாற்றமும், பழுப்பு நிற அழுக்கும், தலையை ஓயாமல் உதறுவதும் இதன் அடையாளம். இந்த உயிரியைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. தோல் உரிந்து துன்புற்ற ஓர் இந்தியக் காண்டாமிருகத்திடமிருந்து அமெரிக்காவில் 1925-ஆம் ஆண்டு இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. தடித்த தோலுடைய பிராணியிடம் கண்டதால் அதற்கேற்ற பெயரும் பெற்றது. அந்த நாள் காண்டாமிருகத்தின் விருந்தாளிதான் இன்று நம் வீட்டு நாயின் காதில் வாழ்கிறது.

ஈரமான தோலில் பாக்டீரியாவும் சீழ்க்கொப்புளங்களை உண்டாக்கும். இங்கேதான் இன்றைய ஆராய்ச்சியின் பெருங்கவலை ஒன்று இருக்கிறது. நாய்த் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் இனம் ஒன்று 2005-இல் தனி இனமாக அடையாளம் காணப்பட்டது. அதன் பின்னர் பல மருந்துகளுக்கும் அசையாத வகைகள் அதில் பரவியிருப்பதை உலகெங்கும் காண்கின்றனர். நான்கு நாள் மாத்திரை கொடுத்துப் புண் வாடியவுடன் நிறுத்திவிடுவதும், சென்ற ஆண்டின் சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிப் போடுவதும் இதற்குத் துணை செய்கின்றன. இன்று வல்லுநர்கள் இயன்ற மட்டும் வாய்வழி மருந்தைக் குறைத்து, குளோர்ஹெக்சிடின் கலந்த ஷாம்பூவைப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவும் முறையையே முதலில் நாடுகின்றனர். செலவும் குறைவு, தீங்கும் குறைவு. வேண்டுவது பொறுமை ஒன்றே.

ஒவ்வாமை என்னும் புதிர்

உண்ணியும் இல்லை, தெள்ளும் இல்லை, பூஞ்சையும் இல்லை. ஆயினும் நாய் முகத்தையும் பாதத்தையும் வயிற்றையும் சொறிந்துகொண்டே இருக்கிறது. ஆறு திங்கள் முதல் மூன்று வயதுக்குள் இவ்வாறு தொடங்கினால் அது பெரும்பாலும் ஒவ்வாமைத் தோலழற்சி. வீட்டுத் தூசியில் வாழும் நுண் உண்ணிகளும் மகரந்தமும் இதற்குக் காரணமாகும். மனிதக் குழந்தைகளுக்கு வரும் கரப்பானை இது பெரிதும் ஒத்திருக்கிறது. ஆதலால் நாயின் தோலை ஆராய்பவர் கண்டறியும் உண்மைகள் குழந்தை மருத்துவத்துக்கும் உதவுகின்றன. அங்கே கண்டவை இங்கே பயன்படுகின்றன. அரிப்பை மூளைக்கு அறிவிக்கும் புரதம் ஒன்று 2004-இல் கண்டறியப்பட்டது. அதன் செயலைத் தடுக்கும் மாத்திரை நாய்க்கென 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்நோய் முற்றும் தீர்வதன்று. வாழ்நாள் முழுதும் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டியது. உடையவரிடம் இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவதும் மருத்துவரின் கடமையாகும்.

உணவு ஒவ்வாமையை ஒரு துளி இரத்தத்தில் கண்டு சொல்லலாம் என்று நம்பிப் பணம் செலவிடுவோர் உளர். நம்பத்தக்க முறை ஒன்றே. நாய் இதுவரை உண்ணாத உணவை மட்டும் எட்டு வாரம் கொடுத்து, அரிப்புக் குறைகிறதா என்று பார்த்து, பின் பழைய உணவைக் கொடுத்து மீண்டும் வருகிறதா என்று காண வேண்டும். இடையில் குழந்தை ஒரு பிஸ்கட்டைப் போட்டாலும் கணக்குக் கெடும். குடும்பம் முழுவதும் ஒத்துழைத்தாலன்றி இது நிறைவேறாது.

விரைவில் பலன் கிடைக்கிறதே என்று ஸ்டீராய்டு மருந்தைத் தாமாகவே வாங்கித் தொடர்ந்து கொடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அது அரிப்பை உடனே நிறுத்தும், காரணத்தை மறைக்கும். நெடுநாள் சென்றால் தோல் மெலிந்து, வயிறு தொங்கி, தாகம் மிகுந்து, மருந்தே நோயாகும்.

பசுவின் தோல்

நம் பால் சங்க உறுப்பினர்களுக்கு 2022-ஆம் ஆண்டு எளிதில் மறக்காது. ஆப்பிரிக்காவில் சாம்பியா நாட்டில் 1929-இல் முதலில் காணப்பட்ட தோல் கழலை நோய், 2019-இல் ஒடிசாவில் இந்தியாவுக்குள் தலை காட்டியது. 2022-இல் வட மாநிலங்களில் பெருகி, நாடெங்கும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைப் பலி கொண்டது. அம்மை இனத்தைச் சேர்ந்த வைரஸால் வருவது இது. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவை இதைப் பரப்பும். மனிதருக்கு இது தொற்றாது. உயிர் பிழைத்த மாட்டுக்கும் பால் குறையும், சினை கலையும், தோல் விலை போகாது. ஆட்டம்மைத் தடுப்பூசி இதற்கு எதிராகப் பயன்படுத்தப்படுகிறது. ஹிசார், இசத்நகர் ஆராய்ச்சி நிலையங்கள் இந்நோய்க்கென்றே உருவாக்கிய தடுப்பூசி 2022 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. புண்ணின் மேல் பூசக் குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள் முதலியவற்றை எண்ணெயில் காய்ச்சிய மரபு மருந்தையும் நம் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தது. பழைய அறிவையும் புதிய அறிவையும் ஒன்றுக்கொன்று பகையாக்காமல், இரண்டையும் சோதித்துப் பார்த்துக் கைக்கொள்வதற்கு இது நல்ல சான்று.

கன்றின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் வட்டமாகப் படை தோன்றினால் அது படர்தாமரை. தடவிக் கொடுக்கும் கைக்கு அது தொற்றும். பூனைக்குட்டியிடமிருந்தும் இவ்வாறே வரும். பிராணிக்கும் மனிதருக்கும் ஒரே காலத்தில் மருத்துவம் செய்தாலன்றி இது வீட்டை விட்டு அகலாது.

செய்யத் தகாதவை

சங்கங்களை ஆய்வு செய்ய ஊர் ஊராகச் செல்லும் என் போன்றோர் கண்ணில் அடிக்கடி படும் காட்சிகள் சிலவற்றை இங்கே குறிப்பிடுதல் கடமை.

பழைய இயந்திர எண்ணெயை நாயின் உடம்பெங்கும் பூசுதல் முதலாவது. அந்த எண்ணெயில் ஈயம் முதலிய நஞ்சுகள் கலந்திருக்கக் கூடும். நாய் அதை நக்கும். தோல் வழியாகவும் அது உள்ளே இறங்கும். சிற்றுண்ணி மூச்சடைத்துச் சாகிறது என்று சொல்லி, நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது எவ்வகை மருத்துவம்?

இரண்டாவது இதனினும் கொடியது. தோட்டத்துக்கு வாங்கிய பூச்சி மருந்தில் மீதியை நீரில் கலந்து மாட்டின் மேலும் நாயின் மேலும் தெளிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. பயிருக்கான அம்மருந்துகளுள் பல, நரம்பைத் தாக்குபவை. வாயில் நுரை, கண்மணி சுருங்குதல், உடல் நடுக்கம், மூச்சுத் திணறல் எனத் தொடங்கிச் சில மணி நேரத்தில் உயிர் போகும். அன்று மாலை அந்த நாயைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கும், அந்த மாட்டின் மடியைத் தொட்டுப் பால் கறப்பவருக்கும் அதே ஆபத்து. தப்பித் தவறி இவ்வாறு நேர்ந்துவிட்டால், கையுறை அணிந்து நிறைந்த நீரால் பிராணியைக் கழுவி, மருந்துப் புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் விரைய வேண்டும். மாட்டுக்கு நேர்ந்தால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சை அழைக்கலாம்.

மூன்றாவது, நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கு இடுதல். நாயின் தெள்ளுக்குப் பூசும் பெர்மெத்ரின் பூனைக்கு உயிர்க்கொல்லி.

நான்காவது, நோய் கண்ட நாயை இரவோடிரவாக வேற்றூர் எல்லையில் விட்டு வருதல். இதனால் நோய் ஒழிவதில்லை, இடம் பெயர்கிறது. வெறிநாய்த் தடுப்பூசி போடாத நாயாயின் அதனினும் பெரிய அச்சத்தையும் அவ்வூருக்கு அனுப்பியவர் ஆவோம்.

சங்கங்கள் செய்யத் தக்கவை

ஒரு குடும்பம் தனியாக ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு இராமையன்பட்டிக்குச் சென்று வருவதென்றால் ஒரு நாள் வேலை கெடும். வண்டிச் செலவும் ஆகும். நெசவாளிக்கு ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி இல்லை. எனவேதான் பலர் எண்ணெய்ப் புட்டியை நாடுகின்றனர். அவர்களைக் குறை கூறி என்ன பயன்? வழியை எளிதாக்குவதே முறை.

பக்கத்துக் கால்நடை மருந்தகத்து மருத்துவரோடு பேசி, சாரல் தொடங்குமுன் வைகாசியில் ஒரு நாளும், வடகிழக்கு மழைக்குமுன் புரட்டாசியில் ஒரு நாளும் சங்கக் கட்டடத்தில் தோல் நோய் முகாம் நடத்தலாம். அன்றே வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுவிடலாம். உண்ணி, தெள்ளு மருந்துகளை மருத்துவர் சீட்டின்படி உறுப்பினர்களுக்காக ஒன்றாகக் கொள்முதல் செய்தால் விலை குறையும். ஒரு தெருவில் எல்லா வீட்டு நாய்க்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால் பலன் இரட்டிக்கும். ஒரு வீடு மட்டும் விட்டுப் போனால் தெள்ளு அங்கிருந்தே மீண்டும் புறப்படும். கூட்டாகச் செய்தால்தான் நிறைவேறும் காரியங்களுள் இதுவும் ஒன்று. மருந்தகத்தில் நுண்ணோக்கி பழுதுற்றிருந்தால் அதைச் சீர்செய்து தருமாறு சங்கத்தின் வழியாக மனுச் செய்யலாம்.

ஒவ்வொரு வீட்டாரும் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது மிக நன்று. நோய் தொடங்கிய நாள், கொடுத்த மருந்து, நிறுத்திய நாள், அரிப்பின் நிலை ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். வரவு செலவைக் குறித்து வைக்கப் பழகிய நம் உறுப்பினர்களுக்கு இது கடினமன்று. மருத்துவரின் நேரத்தில் பாதியை அந்த ஏடு மிச்சப்படுத்தும். தவறான மருந்துக்குச் செலவாகும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

மயிர் உதிர்ந்த ஒரு நாய் இன்று உங்கள் தெருவில் திரியுமாயின், அதை விரட்டுமுன் அது யார் வீட்டு நாய் என்று விசாரியுங்கள். உடையவர் இருந்தால் மருந்தகத்துக்கு வழி சொல்லுங்கள். முறையான மருத்துவம் தொடங்கிய சில வாரங்களில் அரிப்பு அடங்கும். இரண்டு மூன்று திங்களில் புது மயிர் முளைக்கும். அதன் பின் அந்த நாயை எவரும் அந்தப் பெயரிட்டு அழைக்க மாட்டார்.